முதலைத்தோல் வார்

மார்ச் 3, 2014, திங்கள். குமாசி.

செருப்பு தைக்கும் யவ் பெதியாகோவின் கடைக்குப் போனேன். கடிகாரத்துக்கு வெள்ளை வார் வேண்டும். இருபத்தொன்பதாம் தேதி என் கணவர் அகஸ்டின் இறந்து ஓர் ஆண்டு நிறைகிறது. அன்று கறுப்பைக் களைந்து வெள்ளை உடுத்த வேண்டும். வெள்ளைத் துணியோடு கறுப்பு வார் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பாதித் துக்கம் முடித்தவள் போலிருக்கும். எதையும் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

பெதியாகோ ஒரு பலகையில் வரிசையாக வார்களைத் தொங்கவிட்டிருக்கிறார். எங்கள் ஊர்ப் பல வண்ண நெசவான கெந்தே துணி ஒட்டியது ஒன்று. நாட்டுக் கொடியின் நிறங்களில் மணி கோத்தது ஒன்று. முதலைத்தோல் போல அச்சுக் குத்திய பிளாஸ்டிக் ஒன்று — அதைத் தொட்ட விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். இப்போது எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம். எல்லாரும் கேட்கிறார்கள் என்பதே எனக்கு வேண்டாம் என்பதற்குப் போதும். வெள்ளாட்டுத் தோல், நுனியை நோக்கிக் குறுகி வர வேண்டும், அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் என்றேன்.

"பத்துப் போட்டா யாருக்கு மேடம் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

நான் படித்த கேப் கோஸ்ட் கன்னியர் மடத்துப் பள்ளியில் பத்துத் தையல் போட்டவளின் கைக்குட்டையை சிஸ்டர் கொலம்பா வகுப்புக்கு முன்னால் பிரித்துக் காட்டுவார். பெதியாகோவின் தையலை யாரும் அப்படிப் பிரித்துக் காட்டவில்லை. கடையைப் பார்த்தாலே தெரிகிறது.

கடிகாரம் அகஸ்டினுடையது. முப்பத்தாறு வருடம் அவர் கையில் இருந்தது. சின்ன முகம்தான், ஆனால் உள்ளே பஞ்சு வைத்துத் தடிமனாகத் தைத்த முதலைத்தோல் வாரில் அதைக் கட்டியிருந்தார். நில அளவை அலுவலகத்தில் பியூன் வரைக்கும் அந்த வாரைக் கொண்டே அவரை அறிவார்கள். இறந்த மறுநாள் காலையும் அது ஓடிக்கொண்டிருந்தது. நான் சாவி கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு நாளும் நிற்கவிடவில்லை.

எங்கள் வழக்கத்தில் ஆண் இறந்தால் அவன் பொருள் அவனுடைய சகோதரியின் மகனுக்கு. மனைவி ஓரமாக நிற்க வேண்டும். கணவரின் குலத்தார் பொருள்களைக் கணக்கெடுக்க வருவதற்கு முந்தின நாள் பெதியாகோவிடம் போய் முதலைத்தோலைக் கழற்றி, என் கைக்கு மெல்லிய கறுப்பு வார் போட்டுக்கொண்டேன். நான் ஒளிக்கவில்லை. கையில் கட்டிக்கொண்டுதான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பதினோரு பேர். ஒருவருக்கும் கண் இல்லை.

மார்ச் 7, வெள்ளி.

அகஸ்டினின் தங்கை மகன் பாஃபோர் வந்தான். வாரிசு! போன வருடம் காரையும் துணிகளையும் செருப்புகளையும் எடுத்துக்கொண்டு போனவன். செருப்பு அவனுக்கு இரண்டு அளவு சிறியது, அதையும் விடவில்லை. கையில் பால் டின் மூடி அளவுக்கு ஒரு கடிகாரம். ஓடவில்லை.

"அத்தை, மாமாவோட முதலைத்தோல் வாட்ச் எங்க? வருஷ நாள் அன்னிக்கு அதைக் கட்டிக்கிட்டு உக்காந்தாத்தான் ஜனங்க என்னை ஒத்துக்குவாங்க."

முதலைத்தோல் வாட்ச் எதுவும் என்னிடம் இல்லை என்றேன். என் மணிக்கட்டுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தான். போகும்போது மணி என்ன என்று கேட்டான். பார்த்துச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

இவனா மாமாவுக்காகத் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு அழுதவன்?

மார்ச் 8.

சொன்னது பொய்யல்ல. கடிகாரம் என்னிடம் இருக்கிறது. முதலைத்தோல் பொத்தான் டப்பாவில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த பொருள் எதுவும் இந்த வீட்டில் இல்லை. பொய்யல்ல.

மார்ச் 11, செவ்வாய்.

வெள்ளை வார் வந்தது. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். ஒரு பக்கம் பன்னிரண்டு, மறு பக்கம் வளைவில் பதினொன்று. திருப்பி அனுப்பினேன்.

அனுப்பியது அப்போகாவிடம். வடக்கே போங்கோ ஊர்க்காரி. கடைசி எட்டு மாதம் அகஸ்டினைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டவள். அவர் போன பிறகும் இருக்கச் சொன்னேன். என் விரல் முட்டுகள் சாவி கொடுக்க மட்டும்தான் உதவுகின்றன, பக்கிள் மாட்ட உதவுவதில்லை. காலையில் கட்டிவிடுவாள், மாலையில் கழற்றுவாள். மற்றபடி பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. துடைத்த தரையில் நான்கு மூலைகளும் அப்படியே அழுக்காக இருக்கும். அவள் வைக்கும் வேர்க்கடலைச் சூப்பில் கரண்டியை நிறுத்தி வைக்கலாம். மணி அறிய வானத்தைப் பார்ப்பவள்.

மார்ச் 14, வெள்ளி.

பாஃபோர் இரண்டு பங்காளிகளோடு வந்தான். வாட்ச்சை வீட்டில் யார் எடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தானாம். வெளியாள் என்று இருப்பது ஒருத்திதானாம். நான் பதில் சொல்வதற்குள் முற்றத்துக்குப் போய்விட்டார்கள்.

அப்போகாவின் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். இரண்டு துணி, ஒரு சீப்பு, ஷியா வெண்ணெய் டப்பா, இறுதிச் சடங்கு அட்டையிலிருந்து வெட்டி எடுத்த அகஸ்டினின் படம்.

தேடட்டும், கிடைக்காது, போய்விடுவான் என்று நினைத்துக்கொண்டு மேல் வராந்தாவில் நின்றேன். அவள் ஒரு முறை மேலே பார்த்தாள். நான் கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டேன்.

மார்ச் 15.

காலையில் வழக்கம்போல வந்து கட்டிவிட்டாள். ஒரு வார்த்தை இல்லை. நம்மைப் போல இவர்களுக்கு மானம் உறைப்பதில்லை போலும்.

மார்ச் 18, செவ்வாய்.

அக்ராவிலிருந்து மகள் ஃபெலிசிட்டாஸ் பேசினாள். இப்போதைய சட்டப்படி வீட்டுச் சாமான்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான், "என்னுது"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா என்றாள். பாஃபோரிடம் சட்டம் பேசுவதா? ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்றால் முதலில் அவனைக் கொடுக்கத் தகுந்தவன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். முடியாது என்றேன்.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றாள்.

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. ஆக, இது பொய்.

மார்ச் 21, வெள்ளி.

பாஃபோர் சொல்லி அனுப்பியிருக்கிறான்: வருஷ நாளில் குலத் தலைவர் நானா அப்பெந்தெங் முன்னால் இதைப் பேசி, அங்கிருந்தே அவளைப் போலீசில் ஒப்படைக்கப் போகிறானாம்.

அப்போகாவிடம் சொன்னேன். "சரிம்மா" என்றாள். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்தாள்.

மார்ச் 22, சனி.

காலையில் அவள் பக்கிளை மாட்டிக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கு வாயே கிடையாதா, நான் எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேய்ஞ்சிடுமா என்று கத்தினேன். வார் நுனியை வளையத்துக்குள் நுழைத்துச் சரிசெய்த பிறகுதான் பேசினாள்.

"நான் எடுக்கலைன்னா, அப்ப யாருகிட்ட இருக்குன்னு கேப்பாங்கம்மா."

பிறகு என் கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணாடியில் ஆறாம் எண்ணுக்குப் பக்கத்தில் நகத்தை வைத்தாள். அங்கே ஒரு கீறல்.

"இது ஐயா கட்டில் கம்பில இடிச்சுக்கிட்டது. நான்தான் பக்கத்துல இருந்தேன். நீங்க கறுப்பு மாட்டிக்கிட்டு வந்த அன்னிக்கே தெரியும்."

குளிப்பாட்டும் முன் அவர் கையிலிருந்து கழற்றி, குளிப்பாட்டியபின் கட்டியவள் அவள். எட்டு மாதம். எனக்கு ஏன் தோன்றவில்லை? அவளுக்கு என்ன தெரியும்னு நினைச்சேன். வானத்தப் பாத்து மணி சொல்றவளுக்கு என்ன தெரியும்னு. தெரிஞ்சுக்கிட்டே கட்டிவிட்டிருக்கா, ஒரு வருஷமா. பையைக் கொட்டினப்பவும் தெரியும். நான் மேல நின்னுக்கிட்டு கையை மறைச்சேனே — அதையும் பார்த்தா. மறுநாள் காலைல வந்து அதே கையைப் பிடிச்சுக் கட்டிவிட்டா.

மானம் உறைக்காதுன்னு எழுதியிருக்கேன். ஒரு வாரம் முன்னாடி. என் கையெழுத்துதான்.

மார்ச் 30, ஞாயிறு.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பூசை முடிந்து எல்லாரும் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். பாஃபோர் எழுந்து தொண்டையைச் செருமினான். அவன் வாயைத் திறக்குமுன் நான் எழுந்து நானா அப்பெந்தெங்கின் முன்னால் போய் வெள்ளை வார் கட்டிய கையை நீட்டினேன்.

"நீங்க தேடற வாட்ச் இதுதான். ஒரு வருஷமா என் கையில இருக்கு. அந்தப் பொண்ணோட பையைக் கொட்டினப்பவும் என் கையிலதான் இருந்துது. நான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

மாற்றி மாற்றிச் சொல்லாமல் ஒரே மூச்சில் சொன்னேன். அது ஒன்றுதான் திருப்தி.

நானாவுக்குக் கண் மங்கல். என் மணிக்கட்டைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டார்; பிறகு பாஃபோரைக் கூப்பிட்டார். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "இது பொம்பளை வாட்ச்சுல்ல? மாமாவோடது பெருசா இருக்குமே" என்றான். கையோடு கொண்டுபோயிருந்த பொத்தான் டப்பாவைத் திறந்து முதலைத்தோலை எடுத்துக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது.

"ஆங், இதுதான்!"

வழக்கப்படி இரண்டும் உன்னுடையவை, எது வேண்டும் சொல் என்றார் நானா. இரண்டும் வேண்டும் என்று சொல்லலாம் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை. வாரைக் கேட்டான். ஜனங்களுக்கு அடையாளம் தெரிவது அதுதானாம். பழத்தை வைத்துவிட்டுத் தோலைக் கொண்டுபோனான். அங்கேயே தன் பால் டின் மூடியில் அதை மாட்டப் பார்த்தான். வாரின் அகலம் பற்றவில்லை. பந்தலில் சிரித்தார்கள். அப்போகாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார் நானா. போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கிறிஸ்தவத் தாய்மார் சங்கத் தலைவி என்னைத் தாண்டிப் போய், பக்கத்துக் காலி நாற்காலிக்கு வணக்கம் வைத்தாள். என் நாத்தனார் என் கையால் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். அவர்களைப் பற்றி இந்த நோட்டில் நாற்பது வருடமாக நான் எழுதியிருப்பதைப் பார்த்தால், இதில் எனக்குக் குறைப்பட ஒன்றுமில்லை.

அப்போகாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் போனேன். சூப்பில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்.

அப்போகா ஊருக்குப் போய்விட்டாள். மழை வருது, நிலத்தைக் கிளறணும் என்றாள். வடக்கே மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இருவருக்கும் தெரியும். கடிகாரத்தைக் கட்டிவிட்டுத்தான் போனாள்.

மூலைகளைப் பார்த்தேன். துடைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 5.

மூன்று நாளாகக் கழற்ற முடியவில்லை. பல்லால் முயன்றேன். அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட மாட்டேன். கடிகாரம் நனையாமலிருக்க, கையைத் தள்ளி நீட்டிக்கொண்டு குளிக்கிறேன். இந்தக் கோலத்தை யாராவது பார்த்தால் பாஃபோரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்.

பெதியாகோவிடம் போய்க் கழற்றிக்கொண்டேன். மணிக்கட்டைச் சுற்றிப் புண்ணாகியிருந்தது.

புது வார் வேண்டும் என்றேன். வெள்ளாட்டுத் தோல் வேண்டாம்; தண்ணீரில் புழங்கும் கை. பசுத்தோல், தவிட்டு நிறம், மெழுகு நூல். அகலம் குறைய வேண்டாம். கெந்தேயும் மணியும் கண்ணில் காட்டவே வேண்டாம். உங்களுக்கா என்று கேட்டார். இல்லை, இந்தக் கடிகாரத்தை வேறு எந்த வாரில் பார்த்தாலும் அடையாளம் தெரிகிறவள் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு என்றேன்.

"சரி மேடம். கை அளவு சொல்லுங்க."

என் கை ஐந்தரை அங்குலம் என்று பெதியாகோவுக்கு மனப்பாடம். அகஸ்டினுடையது ஏழே கால். ஒரு வருடம், காலையும் மாலையும் என் மணிக்கட்டைப் பிடித்த கை — பருமனா, ஒல்லியா? எலும்பு தெரியுமா? பதினோரு பேருக்குக் கண் இல்லை என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு என்று திருத்த வேண்டும்.

பெதியாகோ பாவம், நல்ல யோசனை என்று நினைத்து ஒன்று சொன்னார்.

"நீளமா வெட்டி ஒம்பது துளை போட்டுடறேன். எந்தக் கைக்கும் பொருந்தும்."

எந்தக் கைக்கும் பொருந்துவது அவளுக்கென்று செய்ததாகாது என்றேன். அவருடைய அளவு நாடாவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்.

வடக்கே போல்காவுக்குப் போகும் பேருந்து நாளைக் காலை ஐந்தரைக்கு. நிலையத்துக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கைகளில் பஞ்சு வெளியே நிற்கிறது, ஓட்டுநர் சட்டையில் பொத்தான் இல்லை, ஜன்னலோரம் கேட்டதற்கு எல்லாமே ஜன்னலோரம்தான் பாட்டி என்கிறான். பத்து மணி நேரம். போல்காவிலிருந்து போங்கோவுக்கு வேறு வண்டி.

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, நாடாவோடு கைப்பையில் வைத்திருக்கிறேன். அவள் கையை நீட்டாமலும் இருக்கலாம்.