காலுக்குக் கீழே இரண்டு தலையணை

ஆவணி 4, செவ்வாய்.
காலையிலிருந்து தூறல். ஸ்கூலுக்கு லீவு எழுதி அனுப்பினேன். மகள் ரங்காவுக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டாம் நாள். இடது கால் தொடைவரை வீக்கம், வெளுத்து, சூடாக. திருச்சியிலிருந்து லேடி டாக்டர் குதிரை வண்டியில் வந்தார்.

"ரத்தக் குழாய்க்குள்ளே ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கு. கால் அசையக் கூடாது. எண்ணெய் தேய்க்கிறது, பிடிச்சு விடுறது கூடவே கூடாதுங்க. கட்டி பெயர்ந்தா நெஞ்சுக்குப் போயிடும்."

ஊசி இல்லையா என்றேன். இங்கே இல்லையாம். ஆறு வாரம் படுக்கை. காலுக்குக் கீழே இரண்டு தலையணை, சுற்றிப் பஞ்சு.

ஆவணி 5, புதன்.
வெயில். வாங்க வேண்டியது: பஞ்சு, பார்லி, குழந்தைக்கு மல் துணி. எண்ணெய் தேய்த்துவிட வந்த மருத்துவச்சியை என் பெண்டாட்டி கமலம் வாசலோடு அனுப்பிவிட்டாள். "பெத்த உடம்புக்கு எண்ணெய் காட்டாம இருப்பாங்களாம்மா?" என்று மருத்துவச்சி கத்திவிட்டுப் போனாள். எனக்கும் அதே சந்தேகம்தான். கமலம் இவ்வளவு கண்டிப்பாக இருந்து பார்த்ததில்லை.

ஆவணி 8, சனி.
வீக்கம் கொஞ்சம் குறைவு. ரங்கா சிரித்தாள். மாப்பிள்ளைக்குக் கடிதம் போட்டேன். பேரனுக்கு அவர் மூக்கு, பாவம்.

ஆவணி 9, ஞாயிறு.
சாயங்காலம் கமலம் பெருமாள் சேவிக்கப் போயிருந்தாள். ரங்கா அழுதாள்.

"அப்பா, குடைச்சல் தாங்கலை. லேசாப் பிடிச்சு விடுங்கோளேன். அம்மாட்ட சொல்லமாட்டேன்."

சின்னதில் நான் கால் பிடித்துவிட்டால்தான் தூங்குவாள். டாக்டர் சொன்னது மருத்துவச்சியின் முரட்டுக் கைக்கு என்று நானே சொல்லிக்கொண்டேன். நல்லெண்ணெய் சுடவைத்தேன். கணுக்காலிலிருந்து மேலே, கால் மணி நேரம். "இப்போ நன்னா இருக்குப்பா." தூங்கிவிட்டாள். கமலம் வருவதற்குள் பிசுக்கைத் துடைத்து, பஞ்சு சுற்றி, தலையணையைச் சரியாக வைத்தேன்.

ஆவணி 10, திங்கள்.
காலை, காபி சமயம். ரங்கா எழுந்து உட்கார்ந்தாள். "மூச்சு..." என்றாள். அவ்வளவுதான்.

டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "யாராவது காலைத் தேய்ச்சீங்களா?" யாரும் இல்லை என்று நான்தான் சொன்னேன். மாப்பிள்ளைக்குத் தந்தி.

ஆவணி 12, புதன்.
மேகம். மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். குழந்தைக்குப் பசும்பால். எனக்கு அழுகை வரவில்லை. பல் தேய்த்தேனா, ஞாபகமில்லை.

கமலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏன்னா, ஞாயித்துக்கிழமை நான் கோயில்லேர்ந்து வந்து விரிப்பு மாத்தறச்சே அவ காலைத் தூக்கினேன். அதனாலதானோ?"

குழந்தைக்குப் பால் ஆறிவிட்டதா என்று கேட்டேன்.

"சொல்லுங்கோ. நான்தானே கொன்னேன்?"

குழந்தை அழுதது. எழுந்து போய்த் தூளியை ஆட்டினேன்.