நீங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டீர்கள் என்று நான் நினைத்த அரைமணி நேரம்

ஒரு நாள்கூட என்னைப் பெயர் சொல்லி அழைக்காமல், கோபத்திலும் ‘கண்ணு’ என்றே கூப்பிட்ட என் அத்தைக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீங்கள் எங்களை விட்டுப்போய் ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் நினைவு ஜெபம் வைத்திருக்கிறோம். காரமடையிலிருந்து உங்கள் தம்பி குடும்பம் வருகிறது, எங்கள் ஜெபக்குழுவும் வருகிறது. நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். மாமியார் உயிருக்குப் போராடிய நேரத்தில் முழங்காலில் நின்ற மருமகள் என்று இந்தச் சரவணம்பட்டியில் எனக்குப் பேர், அத்தை. அந்தப் பேரை ஒரு வருஷமாக வாயைத் திறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் இருக்கும் இடத்தில் எல்லாம் தெரிந்திருக்குமோ என்னவோ. தெரிந்தே இருந்தாலும் நான் என் வாயால் சொல்ல வேண்டாமா?

கர்த்தருடைய வருகையைப் பற்றி நான் பேசாத நாள் நம் வீட்டில் உண்டா? எந்த நிமிஷமும் வருவார், ஆயத்தமாக இருப்பவர்களைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார், மிச்சப்பேர் இங்கே கிடந்து அவதிப்படுவார்கள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் கேட்டதையெல்லாம் அப்படியே வந்து உங்களிடம் ஒப்பிப்பேன். எங்கேயாவது சண்டை மூண்டால் அது அடையாளம், பூமி அதிர்ந்தால் அதுவும் அடையாளம். ரேஷன் கடை மெஷினில் விரல் வைக்காதீர்கள், கடைசிக் காலத்தில் வரப்போகிற அந்திக்கிறிஸ்துவின் முத்திரை இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று வாசலில் நின்று உங்களை மறித்தேனே!

“பருப்பு வாங்கறதுக்குத்தான் கண்ணு வெரல வெக்கறேன். அவனுக்கு எதுக்கு என்ற வெரலு?” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

உங்களுக்கும் வருகையில் நம்பிக்கை இருந்தது. டவுனில் உள்ள பழைய சபையில், அவர் திரும்ப வருவார் என்று வாரா வாரம் எழுந்து நின்று சொன்னவர்தான் நீங்கள். ஆனால் அதற்காக மூன்று மணி சீரியலை விட்டதில்லை. பக்கத்து வீட்டார் கோயிலில் வைத்த பொங்கலைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்றதும் இல்லை. இப்படியே இருந்தால் நான் மேலே போய்விடுவேன், நீங்கள் கீழே நிற்கப் போகிறீர்கள் என்று ஒருமுறை உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டு, “நீ முன்னால போ கண்ணு, நா பாத்தரத்தக் கழுவி வெச்சுப்போட்டு வாரேன்” என்றீர்கள். எனக்கு அன்றைக்கெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் அதே சீரியல் சண்டைதான். வார்த்தையைக் கொட்டிவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனேன். கூட்டம் முடிந்து, வெறும் வயிற்றோடு, மூன்றரை மணி வெயிலில் வீட்டுக்கு வந்தேன்.

கேட் திறந்திருந்தது. வாசல் கதவும் திறந்திருந்தது. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. முறத்தில் பாதி உரித்த சின்ன வெங்காயம், நாற்காலி மேல் உங்கள் கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் நீங்கள் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டீர்களே. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ‘அத்தை, அத்தை’ என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை.

எதிர்வீட்டு கிரேஸ் எங்கள் ஜெபக்குழுவில் இருப்பவள், அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று கூட்டத்துக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அவள் வீடும் திறந்து கிடந்தது, ஆள் இல்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறது என்றது. உங்கள் மகனுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. அவர் பட்டறையில் மெஷின் சத்தத்தில் என்றைக்குத்தான் எடுத்திருக்கிறார்? ஆனால் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

யாராக இருந்தாலும் அடுத்து என்ன செய்திருப்பார்கள்? பின்கட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பார்கள். நான் அடுப்பை அணைத்தேன். அங்கிருந்து பின்பக்கம் துணி துவைக்கிற பொடக்காளிக் கதவு நாலே எட்டில் இருந்தது. நான் ஹாலுக்குத் திரும்பி வந்துவிட்டேன். வருகை நடந்து முடிந்துவிட்டது என்று நினைத்தேன், அத்தை. உங்களையும் கிரேஸையும் எடுத்துக்கொண்டார், என்னை விட்டுவிட்டார்.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். இவர்களையா? சீரியல் பார்த்து, கோயில் பொங்கல் தின்ற இவர்களையா? முழங்காலிட்டு நான் ஜெபம் பண்ணவில்லை, நியாயம் கேட்டேன். இத்தனை வருஷம் உபவாசம் இருந்தேனே, காதில் கிடந்த கம்மலைக்கூடக் கழற்றினேனே, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் சொல்லிக் கொடுத்தேனே என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அழுது ஓய்ந்த பிறகுதான் காலையில் உங்களைப் பேசிய பேச்சு ஞாபகம் வந்தது. ஆண்டவரே, அத்தையை அப்படிப் பேசியதை மன்னியும் என்று கேட்டேன். உங்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு. நீங்கள் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உயிரோடு கிடந்தீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நடுவில் ஒருமுறை, பொடக்காளியில் பக்கெட் உருண்ட சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தேன். இல்லை, இங்கேயும் பொய் சொல்லக்கூடாது. பூனையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எழுந்தால் ஜெபம் கலைந்துவிடும் என்று கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

அரைமணி நேரம் கழித்து கிரேஸ் உள்ளே வந்தாள். மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாளாம். அவளைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, இவளும் என்னைப் போலக் கீழேயே நின்றுவிட்டாள் என்று ஒரு நிம்மதி. எவ்வளவு அற்பமான பிறவி நான்! அவள் என்னைப் பார்த்துவிட்டு, அத்தை எங்கே என்று கேட்டபடியே நேராகப் பின்னால் போனாள். அவள் போட்ட சத்தத்தில்தான் நான் எழுந்தேன்.

பாசி வழுக்கி, துவைக்கிற கல்லில் பின்மண்டை அடிபட்டு விழுந்திருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததையாவது சொல்லியிருக்கலாம். “இப்பத்தானுங்க வந்தேன்” என்றேன். கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அவர் உங்கள் மகனிடம் சொன்னபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் இரண்டு நாள் இருந்தீர்கள். கண்ணை ஓரிரு முறை திறந்தீர்கள். உங்கள் காதருகே குனிந்து நடந்ததைச் சொல்ல இரண்டு நாள் இருந்தது. அதிலும் நான் சத்தமாக ஜெபம்தான் பண்ணினேன்.

கிரேஸ் பார்த்தது நான் முழங்காலில் இருந்ததை. அவள் பார்த்ததைத்தான் சொன்னாள், அவள்மேல் குற்றமில்லை. அது கூட்டத்தில் பரவி, மற்ற மருமகள்களுக்கு என்னை உதாரணம் காட்டும் அளவுக்கு வந்துவிட்டது. நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். அதையும் தாழ்மை என்றார்கள்.

இதை அப்படியே மண்ணுக்குள் கொண்டுபோயிருப்பேன், அத்தை. உங்கள் மகனைப் பார்த்துத்தான் அது முடியாமல் போனது. பாசி பிடித்த தரையை மாற்றச் சொல்லி நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்களாம், அவர் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிவிட்டாராம். ஒரு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி உருகுகிறார். பாதி ஆளாகிவிட்டார். போன திங்கட்கிழமை லீவு போட்டு, தானே உட்கார்ந்து பொடக்காளிக்கு வழுக்காத கல் பதித்தார். கையெல்லாம் சிமென்ட்டோடு, “நாந்தான் எங்கம்மாளக் கொன்னுபோட்டேன்” என்றார். காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அதற்குமேல் முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. சிமென்ட் பூசுகிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “எங்கம்மா எதாச்சும் சத்தம் போட்டாங்களா?”

பக்கெட்டை மட்டும் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் அன்றைக்குத் தூங்கியிருப்பார். “பக்கெட்டு உருண்ட சத்தங் கேட்டுச்சுங்க” என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தார். சாயங்காலம்தான் வந்தார். மூன்று நாளாக, போட்டதைச் சாப்பிடுகிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை. நியாயம்தானே?

கர்த்தர் வருவார் என்று இன்றும் நம்புகிறேன், அத்தை. அதில் மாற்றமில்லை. ஆனால் விழித்திருங்கள் என்று சொன்னவர், வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் போய்த் தேடுவதையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பாரோ? வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது இவ்வளவு தாமதமாகவா புரிய வேண்டும்? யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

நேற்றுக் காலை உங்கள் மகன் செருப்பு மாட்டும்போது, என் பக்கம் திரும்பாமலே பேசினார். “ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் முன்னால நீயே சொல்லு. நா பக்கத்துல வந்து நிக்கமாட்டேன்.”

சரிங்க என்றேன். சத்தியம் பண்ணக்கூடாது என்பார்கள், அதனால் வாக்காகவே தருகிறேன். உங்கள் தம்பி முன்னால், கிரேஸ் முன்னால், என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லப்பட்ட அத்தனை பெண்களுக்கும் முன்னால், ஒன்றும் விடாமல் சொல்வேன். அழுது பாதியில் உட்காரமாட்டேன். அழுதால் அதையும் ஜெபம் என்று எடுத்துக்கொள்வார்கள். நின்றுகொண்டே சொல்வேன், தனியாக.

வீட்டுக்குள் இருந்தும் உங்களைத் தேடாத மருமகள்,
ஜெசி