முதல் சொட்டு யார் கையால்

செஞ்சி
12.2.2024

அன்புள்ள மாமாவுக்கு, ஷோபனா எழுதுவது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. பெண்டாட்டி போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி போடுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். உங்கள் ரூமில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் இது.

பிள்ளைத்தாய்ச்சி என்று பெயர் பதிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லோருக்கும் எடுக்கிற ரத்தம்தான் எனக்கும் எடுத்தார்கள். மறுநாள் கூப்பிட்டு இன்னொரு தரம் எடுத்தார்கள். மீனம்பாள் என்று ஆலோசகர் அக்கா, கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். "உனக்கு எச்.ஐ.வி. இருக்குதும்மா. பயப்படாத. இன்னிக்கே மாத்திர ஆரம்பிச்சு ஒரு நாள்கூட விடாம போட்டா, புள்ளைக்கு வராம பாத்துக்கலாம். வூட்டுக்காரரையும் டெஸ்ட் பண்ணச் சொல்லு" என்றார்.

மாமா, நான் செஞ்சியைத் தாண்டி எங்கே போனேன்? நீங்கள்தான் பெங்களூருக்கு டைல்ஸ் ஒட்டப் போனீர்கள். அங்கே என்ன செய்தீர்கள்? பிள்ளை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கப்போவது என் கைதான், வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று பொங்கலன்று அத்தையோடு மல்லுக்கு நின்றீர்களே, இப்போது அந்தக் கை என் பிள்ளையைத் தொடவே வேண்டாம் என்றிருக்கிறது.

மாத்திரையைச் சத்து மாத்திரை என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். பதில் போடுங்கள்.

ஷோபனா


பெங்களூர்
19.2.2024

என் ஷோபனாவுக்கு,

பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு உன் கடிதத்தைப் படித்தேன்.

மறைக்க மாட்டேன். போன ஆயுத பூஜைக்கு மேஸ்திரி பீமாராவ் பார்ட்டி வைத்தான். குடித்துவிட்டு எல்லோரும் ஓர் இடத்துக்குப் போனார்கள். நானும் போனேன். அவன்தான் இழுத்துப் போனான் என்று சொல்லலாம், ஆனால் நடந்த கால் என்னுடையது. ஒரே தரம்தான் என்று எழுதி அடித்துவிட்டேன். ஒரு தரமானாலும் போனது போனதுதானே. தீபாவளிக்கு உனக்கு அந்தப் பச்சைப் புடவையை எடுத்ததே மனசு உறுத்தித்தான். நீ "கலர் நல்லாருக்குது மாமா" என்றாய். நான் கடைக்குப் போகிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் செய்துகொள்கிறேன். சர்க்கரைத் தண்ணீரை அம்மாவே தொட்டு வைக்கட்டும். என் குணம் பிள்ளைக்கு வேண்டாம்.

வெற்றிவேல்


பெங்களூர்
26.2.2024

ஷோபனாவுக்கு,

எனக்கு இல்லையாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார்கள்.

ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. இல்லை என்றதும் வெளியே வந்து டீயும் பன்னும் வாங்கினேன். சந்தோஷமாகத்தான் சாப்பிட்டேன். பாதி பன்னில்தான் உன் ஞாபகம் வந்தது. மீதியைத் தெரு நாய்க்குப் போட்டுவிட்டேன்.

அப்படியானால் உனக்கு எப்படி? இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

வெற்றிவேல்


செஞ்சி
6.3.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கேட்டதையே மீனம்பாள் அக்காவிடம் கேட்டேன். "இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆயிருந்துச்சாம்மா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எழிலரசனைக் கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, காசநோயில் செத்துப்போனார். அது தெரிந்துதான் நீங்கள் என்னைக் கட்டினீர்கள். அவர் அக்கா தினமும் ஒரு மாத்திரையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து அவருக்குக் கொடுப்பார். என்ன மாத்திரை என்றால் "நெஞ்சு சளிக்கு" என்பார். அது இந்த நோய்க்குத்தான் இருந்திருக்க வேண்டும். இப்போது நானும் அத்தையிடம் சத்து மாத்திரை என்கிறேன். அந்த அக்காவைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

உங்களைக் கேட்ட கேள்வியை நினைத்தால் கூசுகிறது. விஷம் என் உடம்பில் இருந்திருக்கிறது. பக்கத்தில் படுத்த நாளெல்லாம் உங்களை ஆபத்தில் வைத்திருந்திருக்கிறேன். தெரியாமல்தான், ஆனாலும் மனசு ஆறவில்லை. நீங்கள் போனதும் பொய்யில்லை, அந்தக் கோபமும் போகவில்லை. என்னை விட்டுவிடுவதானால் விட்டுவிடுங்கள், நான் ஊரைக் கூட்ட மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பிறந்ததும் பிள்ளைக்கு ஒரு சிரப் கொடுப்பார்களாம், ஆறு வாரத்துக்கு. தாய்ப்பாலும் மருந்தும் தவிர சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் கொடுக்கக் கூடாதாம். பாலோடு கண்டதையும் கலந்து கொடுத்தால் நோய் தொற்ற வழியாகுமாம். அத்தை இப்போதே கற்கண்டு வாங்கி டப்பாவில் வைத்திருக்கிறார். என்ன சொல்லி அவரை நிறுத்துவேன்? காரணம் சொன்னால் "மொத புருஷன முழுங்கினவ, வியாதியையும் கொண்டாந்துட்டா" என்பார். பிள்ளையையும் தொட மாட்டார்.

ஷோபனா


வல்லம்
22.7.2024

மாமாவுக்கு,

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் வரவில்லை. போன் செய்தால் "சாப்டியா, மாத்திர போட்டியா" என்று கேட்டு வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குப் பதில் இல்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் ரத்தம் பார்த்தார்கள். டெஸ்டில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்துவிட்டதாம். மீனம்பாள் அக்காவுக்கு என்னைவிடச் சந்தோஷம். எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. இங்கே யாரிடம் சொல்வேன்? அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு அத்தை வருகிறாராம், கற்கண்டு டப்பாவோடு.

ஷோபனா


ஆஸ்பத்திரி வராந்தா
11.8.2024

என் ஷோபனாவுக்கு,

அம்மா போன் செய்ததும் ராத்திரி பஸ் பிடித்து வந்துவிட்டேன். ஆபரேஷன் முடிந்து நீ இன்னும் உள்ளே இருக்கிறாய். ஆம்பிளைகளை விடமாட்டார்களாம், நர்ஸம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பெண் பிள்ளை. உன் மூக்கு.

பயந்துபோய்த்தான் எழுதாமல் இருந்தேன். இரண்டாவது டெஸ்ட் வரட்டும் என்று இருந்தேன். ஜூனில் அதிலும் இல்லை என்று வந்தது. அப்புறமும் எழுதவில்லை. செய்யாத தப்புக்கு நீ கூசிப்போய் எழுதியிருந்தாய். தப்பு செய்த நான் நோய் நொடியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். எந்த முகத்தோடு பதில் எழுதுவது?

நடந்ததைக் கேள், அம்மா உன்னிடம் வருவதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அம்மா டம்ளரில் கற்கண்டைக் கரைத்து விரலை நனைத்துவிட்டாள். நான் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனேன்.

"வேணாம்மா. அதுக்கு மருந்துதான் குடுக்கணும்."

"இன்னாடா புது வழக்கம்? பொறந்த புள்ளைக்கு இன்னா வியாதி?"

"வியாதி எனக்கும்மா. பெங்களூர்ல தப்பு பண்ணிட்டேன். எச்.ஐ.வி. என்னாலதான் ஷோபனாவுக்கும் வந்துடுச்சி. புள்ளைக்கு வரக் கூடாதுன்னுதான் மருந்து."

அம்மா என்னை அறைந்தாள். நான் அசையவில்லை. ஆயுத பூஜையிலிருந்து நான் காத்திருந்த அறை அது.

நர்ஸம்மா சிரப்பை அளந்து கொடுத்தார். நான்தான் வாயில் விட்டேன். குணம் யாருடையது வந்தாலும் வரட்டும், நோய் மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே விட்டேன். முகத்தைச் சுளித்து முழுங்கினாள். ஆறு வாரமும் நானே கொடுக்கிறேன், நீ சம்மதித்தால். பெங்களூருக்கு இப்போது போகவில்லை.

அம்மா சர்க்கரைத் தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டிவிட்டாள். என்னோடு பேசவில்லை. "ஒண்ணும் தெரியாத பொண்ண இப்படிப் பண்ணிட்டானே பாவி" என்று புலம்பிக்கொண்டே உனக்கு வெந்நீர் பிடிக்கப் போயிருக்கிறாள். உள்ளே வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அழட்டும். நீ ஒன்றும் மறுத்துச் சொல்லிவிடாதே.

வெற்றிவேல்