கடைசிப் பக்கத்தைத் தொடாதீர்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

நலம்தானே? கடைசிப் பக்கத்தை மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறேன். போன வாரம் அனுப்பியதைக் கிழித்துப் போட்டுவிடு. அதில் செல்லோ வாத்தியங்கள் முடிவை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. கதவைத் தட்டும் முன்பே உள்ளேயிருந்து "யாருமில்லை" என்று கத்துவதுபோல.

நான் எழுதிய இசையிலேயே பெரியது இது. அதை என்னிடம் படித்த நீ உன் இசைக்குழுவை வைத்து நடத்தப்போகிறாய் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் இப்போது நான் மட்டும்தான். என் மனைவி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். "பியானோவுக்கும் ஜன்னலுக்கும் நீங்க நடக்கறதப் பாத்துப் பாத்து எனக்குக் கால் வலிக்குது. முடிச்சிட்டுச் சொல்லுங்க, வர்றேன்" என்றாள்.

உன்
பழைய வாத்தியார்

பிப்ரவரி 11

அன்புள்ள சார்,

நாலாம் தேதிப் பக்கம் வந்தது. அடுத்து இன்னொன்று, நேற்று மூன்றாவதும் வந்தன. ஒவ்வொன்றையும் பிரதியெடுத்துக் குழுவுக்குக் கொடுத்தோம். செல்லோக்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டு, "இது இசையா, வானிலை அறிக்கையா? தினம் ஒண்ணு வருது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன்.

இந்தப் பொறுப்புக்கு வந்தபின் இதுதான் என் முதல் கச்சேரி. நான் எப்போது சறுக்குவேன் என்று பார்த்திருப்பவர்கள் அந்த அறையிலேயே இருக்கிறார்கள். நாலாம் தேதி அனுப்பினீர்களே, அதையே வாசிக்கிறோம். அது நன்றாக இருக்கிறது சார். போதும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் மகள் வீட்டில் இருக்கும் அம்மாவுடன் போனில் பேசினேன், உங்களைத்தான் விசாரித்தார்கள்.

அன்புடன்,
வாலு

பிப்ரவரி 20

சார்,

நேற்று ஒத்திகைக்கு வருவதாகச் சொல்லியிருந்தால் வாசலுக்கே வந்து அழைத்திருப்பேன். எனக்குத் தெரியாமல் தேநீர் இடைவேளையில் வந்து, ஓபோ குழல் ஊதுபவரிடமும் வயலின்காரர்கள் சிலரிடமும் புதுத் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். முடிவு வந்ததும் பாதிப் பேர் ஒன்றை வாசித்தார்கள், பாதிப் பேர் வேறொன்றை. அந்த இரைச்சலுக்கு நடுவில் நான் கையைத் தூக்கியபடி நின்றேன்.

"மேடம், நாங்க உங்க பேச்சக் கேக்கணுமா, உங்க சார் பேச்சக் கேக்கணுமா?" என்றார் ஓபோக்காரர். கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

கச்சேரி நாள்வரை உங்களை உள்ளே விடவேண்டாம் என்று வாசலில் சொல்லியிருக்கிறேன். வேறு யார் மீதும் கோபப்படாதீர்கள். சொன்னது நான்தான்.

வாலு

பிப்ரவரி 23

மதிப்பிற்குரிய இசைக்குழு நடத்துநர் அவர்களுக்கு,

இன்று காவலாளி எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பிறகு திருப்பியனுப்பினார். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்க அப்பனுக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமாம். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்ததில்லை.

என் படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாள்களைத் தபாலில் அனுப்பிவிடவும்.

இப்படிக்கு,
அதை எழுதியவன்

பிப்ரவரி 25

அன்புள்ள சார்,

அனுப்ப மாட்டேன். அனுப்பினால் சாகும்வரை திருத்திக்கொண்டே இருப்பீர்கள். ஒருவரும் அதைக் கேட்க மாட்டார்கள். உங்கள் மாணவியாக இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நடத்துகிறவளாகச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், அது வேறு.

வழக்குப் போடுவதானால் கச்சேரி முடிந்தபின் போடுங்கள். டிக்கெட் இணைத்திருக்கிறேன். பக்கத்து இருக்கைக்கானதை அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அன்றைக்கு வாசலில் விடுவார்கள்.

வாலு

மார்ச் 2

அன்புள்ள வாலு,

நேற்று வந்திருந்தேன். வழக்குக்கு ஆதாரம் சேர்க்க வந்ததாக வைத்துக்கொள்.

முடிவு நெருங்க நெருங்க எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பயந்த இடம் வந்தது, போனது. நன்றாகவே இருந்தது. கை வைத்திருந்தால் கெடுத்திருப்பேன். அன்று ஒத்திகையில் உன்னை அந்த நிலையில் நிற்கவைத்ததும் தப்புதான். இதை ஒரு தடவைதான் சொல்வேன், மறுபடி கேட்காதே. கொம்பு ஊதுகிறவர் ஓரிடத்தில் முந்திவிட்டார், கண்டித்துவை.

உன்னைப் பார்க்க மேடைக்குப் பின்னால் வந்தேன். செல்லோக்காரர் உன் கையைக் குலுக்கி விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நடுவே வாத்தியார் போய் நிற்பது சரியில்லை என்று திரும்பிவிட்டேன்.

"இனிமே என்ன பண்ணப் போறீங்க?" என்று பஸ்ஸில் இவள் கேட்டாள். பதிலை யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. விழித்தபோது வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்றிருந்தது. எங்கள் நிறுத்தம் எப்போதோ போய்விட்டது.

"எழுப்பியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீங்க அசையாம உக்காந்து எவ்ளோ நாளாச்சு" என்றாள்.

அதே வண்டியில் திரும்பி வந்தோம்.

உன்
வாத்தியார்