வியாதி இல்லை, கார்ட்டூன்தான்

மார்ச் 3, திங்கள்

காலை வகுப்பு பல் மருத்துவருக்கு. ஊரார் வாய்க்குள் கைவிட்டு வேலை செய்கிறவர்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் கை வெடவெடக்கிறது. மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னேன். வண்டி அணைந்து அணைந்து நின்றது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹார்ன் மேலேயே படுத்துவிட்டான். "அவன் கத்தட்டும் டாக்டர். நீங்க கிளச்சை மெதுவா விடுங்க" என்றேன். கடைசியில் ஏற்றிவிட்டார். இறங்கும்போது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காகத்தான் இந்த வேலையை இத்தனை வருஷமாக விடாமல் பார்க்கிறேன்.

சாயங்காலம் 'படகுத்துறை' கார்ட்டூனின் புதுப் பகுதி வந்தது. நாரை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் துறையை விட்டுப் போய்விட்டது. நீர்நாய் நாரையின் டிக்கெட் ஜன்னலைத் துடைத்துத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. சோகப் பாட்டு கிடையாது, புலம்பல் கிடையாது. துடைத்த ஜன்னலைக் காட்டிவிட்டு முடித்துவிட்டார்கள். அழுதுவிட்டேன். எங்கள் ரசிகர் குழுவில் எல்லோருமே அழுதிருக்கிறார்கள், குழாய் வேலை பார்க்கிற தம்பி உட்பட. அவனுக்கு நீளமாக ஒரு குரல் பதிவு அனுப்பிவிட்டுத்தான் மனசு ஆறியது.

மார்ச் 5, புதன்

சாப்பிடும்போது மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?" என்றான். புதன் என்றேன். "தேதி?" "ஏன்டா, உன் ஃபோன்ல இல்லையா?" சிரிக்கவில்லை. ஆபீஸில் ஏதோ தொல்லை போலிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஃபோன் செய்தார். வயதில் எனக்குத் தம்பி மாதிரி. அவர் அப்பா காலத்திலிருந்து நான் அங்கே இருக்கிறேன்.

"அக்கா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க."

எதற்கு ரெஸ்ட்?

"உடம்பைப் பாத்துக்கங்க. பல் டாக்டரை நான் வேற ஆளுகிட்ட விட்டுக்கறேன்."

என் உடம்புக்கு என்ன என்று கேட்டேன். இழுத்தார். "வீட்ல பேசுங்கக்கா" என்று வைத்துவிட்டார்.

வீட்டில் பேச என்ன இருக்கிறது? வீட்டில் இருப்பது நானும் மகனும்தான்.

மார்ச் 8, சனி

ஆத்திரத்தில் எழுத்துக் கோணலாக வருகிறது. இதையும் ஓர் அறிகுறி என்பான்.

செய்தது மகன்தான். திங்கட்கிழமை என் அறைக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான்.

"'நாரை போனதிலேர்ந்து நீர்நாய் ஒழுங்கா சாப்பிடறதே இல்ல, அதை நெனச்சா எனக்கு இன்னிக்குத் தூக்கமே வராது'ன்னு பேசிட்டிருந்தே. கண்ணெல்லாம் தண்ணி. ரூம்ல உன்னைத் தவிர யாருமே இல்லம்மா. நான் என்னன்னு நினைக்கிறது?"

முதலில் சிரித்துவிட்டேன். அது கார்ட்டூன், அது குரல் பதிவு என்று ஃபோனைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினேன். படகு, துறை, தொப்பி போட்ட நீர்நாய். 'அட, இதுதானா' என்று அவனும் சிரிப்பான் என்றுதான் நினைத்தேன்.

சிரிக்கவில்லை. "அம்பத்தேழு வயசுல சின்னப் பசங்க கார்ட்டூனைப் பாத்து அழறதே ஒரு அறிகுறிதான்மா. போட்டிருக்கான்."

எவன் போட்டிருக்கான்?

"நெட்ல."

அதற்குள் முதலாளியிடம், அம்மாவுக்கு நினைவு தப்புகிறது, இல்லாத பறவைகளோடு பேசுகிறாள், வண்டியில் உட்கார வைக்காதீர்கள் என்று சொல்லி முடித்துவிட்டான். என் அண்ணனிடமும் சொல்லியாயிற்று. என்னிடம் மட்டும்தான் கேட்கவில்லை. பக்கத்து அறையில்தானே இருந்தேன்? கதவைத் தட்டி 'யாரும்மா அந்த நாரை' என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் ஃபோன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார். "மாப்பிள்ளை தவறிப்போன துக்கம் உள்ளேயே இருந்திருக்கும்மா. தனிமை. அதான் இப்படிக் குழந்தையாட்டம் ஆயிட்டே."

ஒரு காரணம் கிடைத்தால்தான் இவர்களுக்கு நிம்மதி. என் வீட்டுக்காரர் போவதற்கு முன்னாலும் நான் கார்ட்டூன் பார்த்தவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பார்ப்பார், பாதியில் குறட்டை விடுவார். துக்கமும் இல்லை, தனிமையும் இல்லை. நன்றாக எடுத்திருக்கிறார்கள், பிடித்திருக்கிறது. அண்ணன் பந்தாட்டத்தில் தோற்றுப்போன ஊர் அணிக்காக ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாரே, அதற்கு எந்தத் துக்கம் காரணம்?

மார்ச் 11, செவ்வாய்

குழுவில் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைப்பதற்குள் ஒவ்வொருவராகக் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். வங்கியில் வேலை பார்க்கிறவள் இடைவேளையில் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் பார்க்கிறாளாம். கூட வேலை செய்கிறவர்கள் பார்த்துவிட்டால் 'மேடமுக்கு இன்னும் வளர்ச்சி வரல' என்பார்களாம். குழாய்க்காரத் தம்பி சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசம். அவன் இதைப் பார்ப்பது தெரிந்ததிலிருந்து அக்காவின் வீட்டுக்காரர் பிள்ளைகளை அவனிடம் தனியாக விடுவதில்லை. 'வளந்த ஆம்பளைக்கு இதுல என்ன ஆசை?' என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் பிறந்தபோது மருத்துவமனையில் கண் விழித்துக் கிடந்தவன் அவன்.

ஏன் இப்படி? யாரை என்ன செய்தோம் நாங்கள்?

மார்ச் 13, வியாழன்

நரம்பு டாக்டரிடம் போனேன். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை, மகனையும் கூட்டிக்கொண்டு நானாகத்தான் போனேன். பார்த்துவிடலாம் என்று.

சின்ன அறை. மேசை மேல் பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது. கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். ஐந்து வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார், வைத்துக்கொண்டேன். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். மகனும் வாய்க்குள் கூடவே கழித்துக்கொண்டு வந்தான். எழுபத்தொன்பதைத் தாண்டும்போது அவன் முழித்ததை நான் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகம் சொல்ல முடியுமோ சொல்லுங்கள் என்றார். வாயில் முதலில் வந்தது நீர்நாய். உடனே மகன் டாக்டரை, 'பாத்தீங்களா' என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தான். நீர்நாயும் ஒரு மிருகம்தானேடா!

"உங்கம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல. ஞாபகம் உங்களைவிட நல்லா இருக்கு" என்றார் டாக்டர். அதோடு நிறுத்தியிருந்தால் கும்பிட்டிருப்பேன். எழுந்திருக்கும்போது, "ஆனா, வயசுக்கு ஏத்த மாதிரி ஏதாவது பாக்கலாமேம்மா?" என்று சேர்த்துக்கொண்டார்.

வயசுக்கு ஏற்றது எது? பாலில் விஷம் வைக்கிற மாமியாரும் படிக்கட்டிலிருந்து தள்ளிவிடுகிற நாத்தனாரும் வருகிற தொடரா? அதை உட்கார்ந்து பார்க்கிற யாரையும் கடிகாரம் வரையச் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மகன் முகத்தைப் பார்த்தேன். அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்ப நீ சும்மாதான் பாக்கிறியா?" என்றான்.

"ஆமா."

"வியாதின்னா கூட வெளிய சொல்லிக்கலாம்."

அவன் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

இனிமேல் அறைக்குள் உட்கார்ந்து பார்ப்பதில்லை. கூடத்தில், பெரிய டிவியில்.

மார்ச் 17, திங்கள்

வேலையைக் கெடுத்தவனே வாங்கிக் கொடுக்கட்டும் என்று ஸ்கூலுக்கு மகனை அழைத்துக்கொண்டு போனேன். அவனும் முரண்டு பிடிக்காமல் வந்தான். ஏன் என்று அங்கே போன பிறகுதான் புரிந்தது.

முதலாளி எழுந்து நாற்காலி போட்டார். மகன் ஆரம்பித்தான்: "சார், அம்மாவுக்கு ஒரு மாத்திரை ஒத்துக்காமப் போச்சு. அதனால கொஞ்ச நாள் குழப்பமா இருந்தாங்க. டாக்டர் அதை நிறுத்திட்டாரு. இப்ப நல்லாயிட்டாங்க."

முதலாளி முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "மாத்திரையாலதானா! எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. அப்ப நாளைக்கே வண்டியை எடுங்கக்கா."

பொய் சொல்ல மாட்டேன், ஆசை வந்தது. தலையை ஆட்டினால் போதும். மறுநாள் காலை என் பக்கத்து பிரேக் மிதியின் மேல் கால் இருக்கும். மகனுக்கும் மானம் பிழைத்தது, முதலாளிக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் வராத வியாதி ஒன்று வந்து போனதாக ஆகிவிடும். அடுத்த தடவை நான் எதற்காவது சிரித்தாலோ அழுதாலோ, 'மறுபடி ஆரம்பிச்சிடுச்சு' என்பார்கள்.

"எனக்கு மாத்திரையும் இல்ல, மண்ணும் இல்ல, தம்பி" என்றேன். "குழப்பமும் இல்ல. நான் கார்ட்டூன் பாப்பேன். அதைப் பத்தி ஃபோன்ல பேசினதை இவன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டான். நடந்தது அவ்வளவுதான்."

"கார்ட்டூனா?"

"ஆமா."

"பேரப்பிள்ளைங்களோட சேர்ந்து பாப்பீங்களாக்கா?"

"எனக்குப் பேரப்பிள்ளை இல்ல. நானாத்தான் பாக்கிறேன்."

மூளை குழம்பிய கிழவிக்கு நாற்காலி போட்டவர், தெளிவாக இருக்கிறவளை என்ன செய்வதென்று தெரியாமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "பாக்கலாம்க்கா. யோசிச்சுச் சொல்றேன்."

மார்ச் 18, செவ்வாய்

"வாயைத் தொறக்காம இருந்திருந்தா வேலை வந்திருக்கும்ல?" என்று மகன் நேற்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தான். இன்றைக்கும் விடவில்லை. "என் மானத்தை வாங்கிட்டே."

உன் மானமா? ஏன்டா, என்னைப் பைத்தியம்னு ஊருக்கே சொன்னப்ப அது எங்கடா போயிருந்துச்சு? அம்மா பைத்தியமா இருந்தா உனக்கு மானம் போகாது, கார்ட்டூன் பாத்தா போயிடுமா?

இதை எழுதியதோடு நிற்கவில்லை. போய் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மார்ச் 21, வெள்ளி

வேலை இல்லாத காலை எவ்வளவு நீளம்! தெருவில் யாரோ வண்டியை அணையவிட்ட சத்தம் கேட்டது. கிளச்சை மெதுவா விடு என்று ஜன்னலில் நின்று நானாக முணுமுணுத்தேன். நல்லவேளை, மகன் வீட்டில் இல்லை.

மார்ச் 24, திங்கள்

முதலாளி ஃபோன். பல் மருத்துவருக்கு வியாழக்கிழமை லைசென்ஸ் பரீட்சை. எனக்குப் பதிலாகச் சொல்லிக்கொடுக்கிற புது ஆள் திட்டுகிறான், இனிமேல் அவனோடு ஏற மாட்டேன் என்று சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.

"வாங்கக்கா. அந்தக் கார்ட்டூன் விஷயத்தை மட்டும் வண்டியில பேச வேண்டாம்."

"நானா எடுக்க மாட்டேன். கேட்டா சொல்லுவேன்."

"சரி, நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க" என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

வண்டியில் ஏறி பெல்ட் போடுவதற்குள் பல் மருத்துவர் கேட்டுவிட்டார், உடம்புக்கு என்ன என்று. ஒன்றுமில்லை, கார்ட்டூன் பார்த்தேன், தப்பாக நினைத்துவிட்டார்கள் என்றேன்.

"அதுக்காகவா என்னை அந்த ஆளுகிட்ட தள்ளிவிட்டாங்க?" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அவர் கவலை. ரிவர்ஸில் வந்து சுவரைத் தொடாமல் நிறுத்திக் காட்டினார்.

மார்ச் 27, வியாழன்

பாஸ்!

மார்ச் 30, ஞாயிறு

முழு வேலை இன்னும் திரும்பவில்லை. விஷயம் கேள்விப்பட்டு ஒரு வீட்டில் மகளை வேறு ஸ்கூலுக்கு மாற்றிவிட்டார்கள். போகட்டும். காலை வகுப்புகள் எனக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சாயங்காலம் கூடத்தில் 'படகுத்துறை' ஓடிக்கொண்டிருந்தது. மகன் ஓரத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சண்டைக்குப் பிறகு நாங்கள் தேவைக்கு மேல் பேசுவதில்லை. அவன் ஃபோன் அடித்தது. அண்ணன். கை காலியில்லாததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா எப்படிடா இருக்கா? மாத்திரையை நிறுத்தினப்புறம் தேவலையா?"

அங்கேயும் அந்த மாத்திரைக் கதையைச் சொல்லி வைத்திருக்கிறான். எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கப் போனேன். அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாத்திரையெல்லாம் ஒண்ணும் இல்ல, மாமா. அது நானாச் சொன்னது. அம்மாவுக்கு எப்பவுமே ஒண்ணும் இல்ல. கார்ட்டூன் பாக்கிறாங்க, அவ்வளவுதான். அவங்களுக்குப் பிடிச்சிருக்கு."

"இந்த வயசுலயா?" என்றார் அண்ணன்.

"ஆமா, இந்த வயசுலதான். சத்தம்தான் மாமா தாங்க முடியல. தெருமுனை வரைக்கும் கேக்குது. கொஞ்சம் கொறைச்சு வைக்கச் சொல்லுங்களேன், நான் சொன்னா எங்க கேக்கறாங்க?"

சத்தம் அதிகமாம்! இவன் கிரிக்கெட் போட்டால் வீட்டுச் சுவரே அதிர்கிறது, அப்போதெல்லாம் நான் வாயைத் திறந்திருக்கிறேனா? ரிமோட்டை எடுத்து, அவன் பார்க்கப் பார்க்க, இன்னும் இரண்டு புள்ளி கூட்டி வைத்தேன். "அம்மா!" என்று கத்தினான்.

நாளைக்கு ஏழு மணிக்கு ஒரு புது ஆள் வருகிறார். இதுவரை ஸ்டீயரிங்கையே தொட்டதில்லையாம்.