மூன்றாம் தொகுதியைப் பிரிக்காதே

என் செல்ல வாலுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், உன் இருமல் நின்றதா, மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலை மாறிப் பகல் வேலை கிடைத்ததா என்பதுதான் எங்கள் கவலை. போனிலேயே கேட்கலாமே, இந்த அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். போன் எடுத்தால் அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதில் விழாமல் உனக்குச் சில விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் ஒன்று. நீ அப்பாவுக்கு அனுப்பிய இசைத்தட்டு, அந்த மூன்றாம் தொகுதி, வந்து சேர்ந்தது. கூட வைத்த சீட்டில், எனக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு நாள் சாவகாசமாகக் கேட்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதை இன்னும் பிரிக்கவில்லை என்றால் பிரிக்காதே. ஏன் என்று கடிதம் முடிவதற்குள் உனக்கே தெரிந்துவிடும்.

இங்கே மாடி வீட்டுக்காரர்களின் குழாய் ஒழுகி நம் குளியலறைச் சுவர் ஊறிப்போய்விட்டது, இரண்டு வாரம் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு நேற்றுத்தான் ஆள் வந்தான். எனக்குத் தையல் வேலை குறைவில்லாமல் வருகிறது. எல்லோரும் இளைத்துவிட்டார்களா பருத்துவிட்டார்களா தெரியவில்லை, வருகிற துணி எல்லாம் பிடிக்கவும் விடவும்தான். அப்பாவை லிப்ட் கம்பெனி இன்னும் விட்டபாடில்லை. பழைய லிப்ட் எங்கேயாவது நின்றுபோனால் ரிட்டையர் ஆன மனிதருக்குத்தான் போன் வருகிறது, இவரும் கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி ஓடுகிறார். ஊரில் உள்ள லிப்டெல்லாம் சரி செய்கிற ஆள் லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறி வருகிறாரே என்று நீ சின்ன வயதில் கேலி செய்வாய், இப்போது என் முழங்காலும் அதையே கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் வீட்டில் ஜாஸ் தட்டுக் கேட்கிற கூட்டமும் அப்படியே நடக்கிறது. அதே மூன்று பேர்தான். அச்சகக்காரருக்கு ஜாஸ் என்றால் பேஸ் என்கிற அந்தப் பெரிய தந்தி வாத்தியம் மட்டும்தான், மற்றவர்கள் வாசிப்பதெல்லாம் அதற்குப் பக்கவாத்தியம் என்று நினைப்பு. கண்ணாடிக் கடைக்காரர் தான் பிறந்த பிறகு பதிவான எதையும் ஜாஸ் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். பல் டாக்டர் அம்மாவுக்குப் பெண்கள் பாடினால் போதும், டிரம்ஸ் தனியாக வாசிக்க ஆரம்பித்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். அப்பாவின் பித்து உனக்குத் தெரியாததா. நன்றாக வாசித்தது அவருக்கு வேண்டாம், வாசித்துச் சரிவராமல் ஒதுக்கி வைத்ததுதான் வேண்டும். ஒரே தட்டை ஆறு மறுவெளியீடு வாங்கியிருக்கிறார், ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒரு துண்டு புதிதாக ஒட்டியிருப்பான், அந்தத் துண்டுக்காக முழுசையும் வாங்குவார். என்னங்க இது, பட்டன் ஒன்று வேண்டும் என்று சட்டையையே வாங்குவீர்களா என்று கேட்டால் சிரிப்பார்.

விஷயம் அங்கேதான் தொடங்கியது. எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு டிரம்பெட்காரர் மூன்று நாள் உட்கார்ந்து பதிவு செய்தாராம், அதில் இரண்டு பாட்டுத்தான் அந்தக் காலத்தில் வெளியே வந்ததாம், மிச்ச நாடா எல்லாம் ஏதோ ஒரு கிடங்கில் பூட்டிக் கிடந்ததாம். அதைத்தான் இப்போது பதிவு செய்த நாளுக்கு ஒன்றாக மூன்று தொகுதி போட்டிருக்கிறார்கள். முதல் தொகுதி வந்த ஞாயிறு நான் தையல் மெஷினில் இருந்தேன். அவர்கள் வழக்கம் உனக்குத் தெரியும், புதுத் தட்டு என்றால் ஒரு பக்கம் முடிகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது, அட்டையையும் பார்க்கக் கூடாது. நாலாவது பாட்டு ஆரம்பித்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. அப்பா சவரம் செய்யும்போது விசிலடிப்பாரே, அதேதான் டிரம்பெட்டில் வந்தது. அப்பா ஓர் இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி பிடிப்பாரே, அந்த ஆளும் சரியாக அதே இடத்தில் நிறுத்தினார், ஏதோ முணுமுணுத்தார், மறுபடி பிடித்தார். மூன்று பேரும் தங்கள் சட்டத்தை மறந்து அப்பாவையே பார்த்தார்கள். "நீங்க இத எங்கயோ கேட்டிருக்கீங்க, ஞாபகம் இல்ல" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். அச்சகக்காரர் அட்டையை எடுத்து இரண்டு தடவை படித்துவிட்டு, "கேட்டிருக்க முடியாதுங்க, இது கிடங்க விட்டு வெளியவே வரல" என்றார். அப்பா பிறக்காத காலத்து நாடா அது.

அப்பா லிப்ட் வேலையில் சேர்ந்த புதிதில் விசிலடிக்கப் பழகினார் என்பது உனக்குத் தெரியும். லிப்டின் கிணறு மாதிரி இருக்கிற அந்தக் குழிக்குள் இறங்குகிறவர் விசிலடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விசில் கேட்கிறவரை மேலே இருப்பவர் மோட்டாரைத் தொடக் கூடாது, அது அவர்கள் ஏற்பாடு. எந்தப் பாட்டு என்று யாரும் சொல்லித் தரவில்லை, கீழே இருட்டில் நின்றால் அதுவாக வாயில் வந்தது என்பார். சவரத்துக்கு ஒன்று, பாத்திரம் துடைக்க ஒன்று, நம் வீட்டுப் படி ஏற ஒன்று. மூன்றுதான் அவருக்கு வரும். முப்பத்து நாலு வருஷமாக அவர் நம் கதவைத் தட்டியதில்லை, மணியடித்ததில்லை. கீழ்ப் படியில் விசில் கேட்டதும் நான் எழுந்தால் மேல் படிக்கு அவர் வரும்போது கதவு திறந்திருக்கும். நீ கைக்குழந்தையாக அழும்போதும் அந்தப் படி விசிலுக்குத்தான் அடங்குவாய்.

முதல் தொகுதி கேட்ட மறுநாள் காலை சவரம் சத்தமில்லாமல் நடந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஆரம்பம் எடுக்கவே வரலம்மா" என்றார். சரி, நான் எடுத்துக் கொடுக்கலாம் என்று வாயைக் குவித்தேன். எனக்கும் வரவில்லை. முப்பத்து நாலு வருஷம் தினமும் கேட்டது, ஒரு துளி இல்லை. தட்டை மறுபடி போட்டோம். நாலாவது பாட்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அப்போதுதான் முதல் தடவை கேட்கிற மாதிரி இருந்தது, ஊசியை எடுத்ததும் காதில் ஒன்றும் மிச்சமில்லை. வயசாகிவிட்டது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். போன மாதம் உன்னிடம் பேச்சுவாக்கில், அப்பா சவரத்தின் போது அடிப்பதை ஒரு தடவை முனகு பார்க்கலாம் என்று கேட்டேனே, நீயும் சிரித்துக்கொண்டே முனகினாய். வாலு, அது எனக்கு யாரோ ஊர் பேர் தெரியாதவருடைய பாட்டாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நீ அந்தத் தட்டைக் கேட்கவில்லை, பாட்டு உன்னிடம் இருக்கிறது. கேட்ட எங்களிடம் இல்லை.

இது தெரிந்தும் அப்பா இரண்டாம் தொகுதியை வாங்கிவந்தார். இந்த ஜாஸ் பைத்தியங்களைத் தவிர வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். "முதலாவது இருக்கு, ரெண்டாவது இல்லன்னா அது என்ன செட்டு" என்று எனக்கே நியாயம் சொன்னார். பாத்திரம் துடைக்கிற பாட்டு அதில் இருந்திருக்க வேண்டும். இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது, அன்றிலிருந்து பாத்திரங்கள் மட்டும் சத்தமில்லாமல் துடைக்கப்படுகின்றன. "விடு, அவரோடது அவர்கிட்ட போய்ச் சேர்ந்திருச்சு" என்றார் அப்பா. எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் போட்டேன். முப்பத்து நாலு வருஷம் நம்ம வீட்ல இருந்தது நம்மளோடதுதான், இனி மூணாவதத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க என்றேன். செய்தார். நிஜமாகவே செய்தார். அதற்குள் நீ, பாவம், ஒன்றும் தெரியாமல் அவர் பிறந்தநாளுக்கு அதையே வாங்கி அனுப்பிவிட்டாய்.

பார்சல் வந்தபோது அப்பா வேலைக்குப் போயிருந்தார். வெட்டுத் துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தேன். நாலு நாள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன். சத்தியம் செய்த மனிதர் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார், ஞாயிறு கூட்டத்தில் மற்றவர்கள் மூன்றாவதைப் பற்றிப் பேசினால் எழுந்து ஜன்னலைத் திறக்கப் போகிறார். மகள் அனுப்பியதை மறைத்து வைத்திருக்கிறோமே என்று எனக்கும் உறுத்தியது. ஒருவேளை படி விசில் அதில் இல்லாமலே இருக்கலாம் அல்லவா, இல்லை என்று தெரிந்துவிட்டால் தாராளமாக அவர் கையில் கொடுத்துவிடலாமே. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் வெளியே போனதும் நானே போட்டுப் பார்க்கத் துணிந்தேன். எனக்குப் பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. ஊசிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பாட்டு ஆரம்பித்து ஒரு நொடி கேட்டதும் தூக்கிவிட வேண்டும், முழுக்கக் கேட்டால்தானே போகும் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டு பக்கமும் ஓடி முடிந்தது. ஓர் இடத்திலும் தூக்க வேண்டி வரவில்லை. ஏழு பாட்டும் எனக்குப் புதிதாக இருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. படி விசில் அதில் இல்லவே இல்லை. தட்டைத் துடைத்து அட்டைக்குள் போட்டு, தைத்து மிஞ்சிய சிவப்பு ரிப்பனால் கட்டி, அவர் வந்ததும் பார்க்கட்டும் என்று மேசை நடுவில் வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தேன். நாலு மணி இருக்கும், கீழே படியில் யாரோ விசிலடித்தார்கள். மாடி வீட்டுக்குச் சொல்லி வைத்த குழாய் ஆள் ஒருவழியாக வந்துவிட்டான் என்று நினைத்தேன். நல்ல விசில்தான், என்ன பாட்டோ என்று கேட்டுக்கொண்டே ஒரு பாவாடை விளிம்பைத் தைத்து முடித்தேன். நம் கதவுக்கு வெளியே வந்து நின்றது. மறுபடி முதலிலிருந்து அடித்தது. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, தெரியாத ஆள் நம் கதவுக்கு முன்னால் நின்று எதற்கு விசிலடிக்கிறான் என்று மெஷினை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை பாதியில் நின்றது. பிறகு கதவைத் தட்டினார்கள்.

திறந்தால் அப்பா. கையில் வேலைப் பை. என் முகத்தைப் பார்த்தார், என் தோளுக்கு மேலாக மேசையைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார். திட்டவில்லை. அங்கேயே நின்று உதட்டைக் குவித்து, மெதுவாக, குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது போல ஒரு தடவை முழுக்க அடித்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நல்லா இருக்குங்க, இது எப்பக் கத்துக்கிட்டீங்க" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. அவர் செருப்பு வைக்கிற பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் கடிகாரத்தைப் பார்த்துக் கதவு திறக்கிறேன். அவர் விசிலடிப்பதை நிறுத்தவில்லை, நானும் தினமும் உன்னிப்பாகத்தான் கேட்கிறேன், மறுநாள் படியில் ஏறி வருவது வேற்றாளாகவே இருக்கிறது. என் கூடப்பிறந்தவர் செத்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. நேற்று அப்பா, நானும் அந்தத் தட்டைக் கேட்டுடறேன் என்கிறார். "உனக்குத் தெரியாதத நான் மட்டும் வெச்சுக்கிட்டு யாருக்கு அடிக்கறது" என்கிறார். ஞாயிறு வரை பொறுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். உன்னிடம் படி விசில் இருக்கிறது என்று தெரிந்தால் தட்டைக் கேட்கமாட்டார், அது எனக்கு நிச்சயம். அதனால் நான் சொல்வதைச் செய். இந்தக் கடிதத்தை மடித்துக் கீழே வைத்துவிட்டு, அப்பா படியேறும்போது அடிப்பதை வாய்க்குள் ஒரு தடவை முனகிப் பார். வந்தால் ஞாயிறு பத்து மணிக்குப் போன் செய்து, அவர் எடுத்ததும் வேறு ஒன்றும் பேசாமல் அதை அடி. அவ்வளவு போதும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் குரல் ஒருவருக்குத் தெரிந்தபடியே நெடுங்காலம் வாழ வேண்டும், எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உங்களுக்கு உண்டு. வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளி, இருமலை வளர்க்காதே. ஒன்றை மறந்துவிடாதே. முனகிப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்றால், தட்டை ஏற்கெனவே கேட்டுவிட்டாய் என்று அர்த்தம், அது உன் தப்பில்லை. அப்போதும் ஞாயிறு பத்து மணிக்குப் போன் செய். இருமலால் விசில் வரவில்லை, ஆனால் ஒரு துளி விடாமல் ஞாபகம் இருக்கிறதப்பா என்று சொல். உன் அப்பாவிடம் பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்த நானே சொல்கிறேன், சொல்.

உன் பிரியமுள்ள
அம்மா