கண் வரையாத ஊதக்காத்தான்

உ
கொளஞ்சியப்பர் துணை

விருத்தாசலம்
18.9.2008

அன்புள்ள கனகாவுக்கு,

உன் பழைய பக்கத்து வீட்டு அம்சவல்லி எழுதுவது. நீயும் பாண்டியன் அண்ணனும் பிள்ளைகளும் திருப்பூரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க விருத்தகிரீஸ்வரரையும் பெரியநாயகியையும் தினம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம். அத்தைக்கு மட்டும் முழங்கால் வலி. வேல்விழி பிளஸ் டூ வந்துவிட்டாள். என்னைவிட அரை அடி உயரம். அவள் அப்பா வழக்கம்போல, சாப்பாட்டில் உப்பு குறைந்தால் மட்டும் பேசுகிறார்.

உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று நினைப்பாய். ஆடிக் கிருத்திகைக்கு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயிருந்தேன். உங்கள் சாமான்களை டெம்போவில் ஏற்றிப் போனாரே பாவாடை அண்ணன், அவரைக் கோயில் வாசலில் பார்த்தேன். அவர்தான் விலாசத்தைச் சொன்னார். கணக்கு நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். கனகா என்னை விசாரித்தாளா என்று கேட்டேன். அவருக்குத்தான் பொய் சொல்ல வராதே. "கேக்கலியேம்மா. தண்ணி சரியா வரமாட்டேங்குதுன்னு மட்டும் சொல்லிச்சு" என்றார். அதற்கப்புறம் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

இப்போது மத்தியானம். கரண்ட் இல்லை. இங்கே தினமும் இரண்டு மணி நேரம் நிறுத்துகிறார்கள், அங்கேயும் அப்படித்தானாமே. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ வேலை பார்த்த பொம்மைக் கம்பெனியில் இப்போது கார்த்திகைக்கு அகல் விளக்கு நிறையப் போடுகிறார்களாம். உன் இடத்தில் கம்மாபுரத்துப் பெண் ஒருத்தி கண் வரைகிறாள். பாவம், கை இன்னும் பழகவில்லை. போன வருஷம் வாங்கிய தவழும் கிருஷ்ணர் என்னைப் பார்க்காமல் எதிர்வீட்டு மாட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். நீ வரைந்த பொம்மைகள் எங்கே நின்றாலும் நம்மைப் பார்க்கும்.

நீங்கள் இருந்த போர்ஷனில் வாத்தியார் குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் வந்த புதிதில் ஒருநாள், பாத்திரம் கழுவி முடித்த கையோடு, பழக்க தோஷத்தில் கரண்டியால் சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். அந்த அம்மா பதறி ஓடி வந்து, "என்னங்க, யாருக்காவது முடியலயா?" என்று கேட்டார்கள். பல்லி அடித்தேன் என்று சொல்லி அனுப்பினேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, வேல்விழிக்கு அவள் மாமா வாங்கித் தந்த டிவி கேம்? அவள் பத்து நாள் விளையாடி அலமாரி மேலே போட்டாள். நாம் எடுத்தோம். அத்தை சாப்பிட்டுவிட்டு உள் அறையில் படுத்ததும் நான் சுவரில் தட்டுவேன், நீ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வருவாய். டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவோம். தாவும் சத்தம், விழும் சத்தம் எல்லாம் நீதான் வாயால் போடுவாய். ஆட்டத்தில் வழி மறிக்கும் அந்தப் பேய் வந்தால் கன்னத்தை உப்பிக்கொண்டு, அத்தைக்குக் கேட்காதபடி, என் காதருகில் ஊதுவாய். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

ஊதக்காத்தான் என்று நீதான் அதற்குப் பேர் வைத்தாய். பொரித்த பூரி மாதிரி உடம்பு, கால் கிடையாது. நம் ஆள் பலகை பலகையாகத் தாவிப் போகும்போது எதிரே வந்து நின்று ஊதும். நாம் பள்ளத்தில் விழுவோம். முதல் கேசட்டில் வெள்ளையாக வந்தது. பதினோரு நாளில் தாண்டினோம். சனியன் ஒழிந்தது என்று கடைவீதியில் கொடுத்து இரண்டாவது கேசட் மாற்றி வந்தோம். அதில் நீலமாக வந்து நின்றது. நீ தலையில் கை வைத்துக்கொண்டு, "எங்க நாத்தனா மாதிரியே இருக்குதுக்கா. பஸ்ஸு ஏத்தி வுட்டுட்டுத் திரும்பினா நமக்கு முன்னால வாசல்ல நிக்குது" என்றாய். அன்றைக்கு வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தேன். அப்படிச் சிரித்து வருஷம் இரண்டாகிறது.

மூன்றாவது கேசட்டில் பச்சை. அதுதான் பொல்லாதது. நீளமாக ஒரு பாலம், அந்தக் கோடியில் அது. திசைப் பொத்தான் உன் கையில், தாவும் பொத்தான் என் கையில், ஒரே ரிமோட்டை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்போம். நான் அஞ்சாவதோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எனக்கு அந்தத் திரைதான் கற்றுக்கொடுத்தது. மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அது எத்தனை தடவை ஊதுகிறது, எப்போது நிறுத்துகிறது, நாம் எந்தப் பலகையில் விழுந்தோம் என்று எழுதி வைப்பேன். "அக்கா, பேய்க்கும் கணக்கு வச்ச ஒரே ஆளு நீங்கதான்" என்பாய். அந்தப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. நாற்பத்தாறு தடவை விழுந்திருக்கிறோம்.

அந்த நாட்களில்தான் கம்பெனி மண்ணில் நீ அதைப் பொம்மையாகச் செய்தாய். அப்போது சூளை வேலையில் இருந்த பாண்டியன் அண்ணன் மற்ற சாமான்களோடு வைத்துச் சுட்டுத் தந்தார். உப்பிய கன்னத்துக்கு மட்டும் பச்சை அடித்துக் கொண்டுவந்தாய். கண் எங்கேடி என்று கேட்டேன். "தாண்டுற அன்னிக்கு வரையறேன். கண்ணு தொறந்துட்டா நம்மளப் பாத்து ஊதும்" என்றாய். அதற்குள் அத்தை வந்து, "இது எந்த சாமி?" என்று கேட்டதும், கொஞ்சமும் யோசிக்காமல் வாயு பகவான் என்றாயே. அத்தை வாங்கிச் சாமி மாடத்தில் முருகர் பக்கத்தில் வைத்துவிட்டார். பேயைக் கும்பிட வைத்த பாவம் எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே முருகரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். கரண்ட் போகும் நேரமெல்லாம் அத்தை அதற்கு ஒரு பூ வைத்து, "கொஞ்சம் காத்து வுடுப்பா" என்று கேட்கிறார். நான் எடுக்கவில்லை. உன் ஞாபகத்துக்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

இனிமேல் எழுத வேண்டியது எழுதக் கஷ்டமானது.

அன்றைக்கு அத்தை தூங்காமல் எழுந்து வந்துவிட்டார். நாம் பாலத்தின் நடுவில் இருந்தோம். "வயசுப் பொண்ண வச்சிக்கிட்டு இவ செய்யற வேலையப் பாரு" என்று ஆரம்பித்தார். நான் ரிமோட்டை விட்டேன். என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன், மாற்றவில்லை. "நான் இல்லீங்க அத்தை. இந்தக் கனகாதான் தெனம் வந்து, போடுங்க போடுங்கன்னு உசுர எடுக்கறா" என்றேன். அத்தை உன் பக்கம் திரும்பினார். "புருஷனுக்கு வேல போயி நாலு மாசம் ஆவுது, உனக்கு ஆட்டம் கேக்குதா?" என்றார். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். ரிமோட்டின் ஒயரைச் சிக்கில்லாமல் சுற்றி டிவி மேல் வைத்துவிட்டுப் போனாய்.

நான் தட்டாமல் நீ ஒருநாளும் வந்ததில்லை, கனகா. தட்டியது நான். உனக்கு வேலை கிடந்தாலும் வந்தாய். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இருபது நாள் நீ கிணற்றடியில் என்னைப் பார்க்காமல் தண்ணீர் எடுத்தாய். அதற்கப்புறம் டெம்போ வந்தது. நான் ஜன்னல் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

போன வாரம் தனியாக அந்தக் கேசட்டைப் போட்டேன். இரண்டு வருஷத்துக்கு அப்புறம். ஒரு கையில் திசை, ஒரு கையில் தாவல். பாலம் வரைக்கும் வந்தேன். எத்தனையோ தடவை விழுந்தேன். கை மரத்துப்போய் பொத்தானை விட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூன்று தடவை ஊதியது. பிறகு பெரிதாக ஒரு மூச்சை இழுத்தது. அப்போது நம் ஆள், நான் ஒன்றும் அழுத்தாமலே, அதன் பக்கமாக நகர்ந்தான். நோட்டில் எல்லாம் எழுதினேன், இதை மட்டும் எழுதவில்லை. மூச்சு இழுக்கிற நேரமெல்லாம் நாம் பயந்து பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். மறு தடவை அது இழுத்தபோது அதை நோக்கியே தாவினேன். தலைக்கு மேலாகப் போய் அந்தப் பக்கம் விழுந்தேன்.

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, கனகா. ஒரு கொடி, கொஞ்சம் புல். தாண்டியாச்சுடி என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பாய்தான் கிடந்தது.

அன்று சாயந்திரமே அத்தையிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூப்பிட்டது நான்தான், பழியை அவள் மேல் போட்டேன் என்றேன். அத்தை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார். "தெனம் செவுத்துல ரெண்டு தட்டு வுழுவும். எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா?" என்றார். தெரிந்தும் ஏன் அவளைத் திட்டினீர்கள் என்றேன். "உன்னத் திட்டுனா ராத்திரி எனக்கு சோறு யாரு போடறது?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை. தைலக் குப்பியை மூடிவிட்டு மாடத்தைக் காட்டி, "சாமிக்குக் கன்னம் இப்டியா வீங்கியிருக்கும்? அது என்னா எழவோ. அந்தப் பொண்ணு கையால செஞ்சது, அதான் பூ வெக்கிறேன்" என்றார். தூங்கப் போகும்போது, "எழுதறதுன்னா நானும் கேட்டேன்னு எழுது. காலு நல்லா இருந்தா நானே போயிக் கூப்புடுவேன்" என்றார். அத்தை வாயிலிருந்து இவ்வளவு வந்தது பெரிது. உனக்கு இது போதுமா என்று எனக்குத் தெரியாது.

ஆயுத பூஜைக்குப் பனியன் கம்பெனியெல்லாம் லீவு விடுவார்களாமே. பாவாடை அண்ணன் அப்போது டெம்போவில் வாடகை லோடு ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறார். வண்டியில் இடம் இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சுழியம் சுட்டு வைக்கிறேன். கறுப்புப் பெயின்டும் மெல்லிய பிரஷ்ஷும் கம்பெனிக்காரரிடம் கேட்டு வாங்கி மாடத்தில் வைத்திருக்கிறேன். தாண்டிவிட்டோம். கண் வரைய வேண்டியவள் நீதான். அந்தக் கம்மாபுரத்துப் பெண்ணிடம் நான் கொடுக்க மாட்டேன். அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஊதினால் ஊதட்டும். நான் நகர மாட்டேன்.

வர மனசு இல்லையென்றால், வரவில்லை என்றாவது ஒரு கார்டு போடு. திட்டியே எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

கொளஞ்சியப்பர் உன் குடும்பத்துக்குக் குறை வைக்க மாட்டார். கடிதத்தில் சுவர் இல்லை. இருந்திருந்தால் இந்த இடத்தில் இரண்டு தட்டு தட்டியிருப்பேன்.

என்றும் உன்
அம்சாக்கா